நூற்றுக்கு முப்பது மராமத்து

வீட்டுவரி கட்டிய ரசீதுக்கு ஒரு குங்குமப் பொட்டு வைப்பது என் வழக்கம். கட்டிவிட்டு வந்ததும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, ஓரத்தில் ஒரு பொட்டு இட்டு, பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவேன். எங்கள் லைன் வீடுகள் ஆறும் என்னைப் பெற்றவர் எனக்கென்று எழுதிக் கொடுத்த இடத்தில் நிற்கின்றன. அவற்றைக் காத்து நிற்பது அம்மன். அந்த இருவர் தயவும் சேர்ந்த காகிதம் என்கிற மரியாதை அதற்கு. எட்டாவதோடு நின்றவள் என்பதால் முத்திரை குத்திய காகிதம் எதைப் பார்த்தாலும் எனக்குக் கை தானாகக் கன்னத்துக்குப் போகும் என்பதும் உண்மைதான்.

எங்கள் ஊர் ராயபுரத்தில் ஆபீஸ் வைத்திருக்கும் ஆடிட்டர் பெண்ணுக்கு அந்த ரசீதுகளைப் பார்த்ததும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் மகள் வயதுதான் இருக்கும். ஒரு ரசீதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஏனுங்கம்மா, இது எந்த வருசத்து ரசீதுங்க? வருசம் இருக்கற எடத்துல பொட்டு இருக்குதே."

"சொரண்டிப் பாரு கண்ணு, அடியில இருக்கும்."

அவள் சுரண்டவில்லை. நானே நகத்தால் சுரண்டினேன். பொட்டு வந்தது, கூடவே வருஷமும் வந்துவிட்டது.

"நல்லவேளை, சந்தனம் வெக்காம உட்டாளே" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர்.

நாங்கள் அங்கே போனதே அவரால்தான். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர் அவர். முழங்கால் ஒத்துழைக்காமல் வேலையை விட்ட பிறகு, வெட்டத் துணியில்லாத கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. வீரபாண்டிப் பக்கம் எங்கள் வீட்டு முற்றத்துக்கு எதிரே ஒரே கான்கிரீட் கூரைக்கு அடியில் வரிசையாக நிற்கும் ஆறு லைன் வீடுகள் மேல் அவர் கண் விழுந்தது. மேலே மாடி எடுத்தால் இன்னும் ஆறு வீடு என்றார். பேங்கில் கடன் கேட்டால், வருமான வரி ரிட்டர்ன் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். இடம் என் பெயரில், வீடு என் பெயரில், அதனால் ரிட்டர்னும் என் பெயரில்தான் போட வேண்டுமாம். அதுவரைக்கும் என் பெயர் ரேஷன் கார்டையும் கல்யாணப் பத்திரிகையையும் தாண்டிப் போனதில்லை.

ஆடிட்டர் பெண் ஒவ்வொன்றாகக் கேட்டாள். நாங்களும் கேட்டோம்.

"வாடகையெல்லாம் உங்க அக்கவுண்டுக்கு வருதுங்களா?"

"நாலு ஊட்டுக்காரங்க போன்ல போட்டுருவாங்க. ரெண்டு ஊடு கையில குடுப்பாங்க."

"அதையும் காட்டோணுமுங்க."

"காட்டு கண்ணு. அம்மனுக்குத் தெரிஞ்சது கவருமெண்டுக்குத் தெரிஞ்சா என்ன?"

"அட்வான்ஸு வாங்கி வெச்சிருக்கறமுங்க. அதுக்கும் வரியா?" என்றார் வீட்டுக்காரர்.

"அது அவங்க காலி பண்ணும்போது திருப்பிக் குடுக்கறதுதானுங்களே. அது வருமானமில்லீங்க."

அவர் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு அடுத்ததற்குப் போனார். மோட்டாருக்குக் காயில் கட்டியது, செப்டிக் டேங்க் எடுத்தது, வெள்ளை அடித்தது, இதையெல்லாம் எந்த இடத்தில் எழுதுவது என்று கேட்டார்.

"எதையுமே தனித்தனியா எழுத வேண்டாமுங்க. வந்த வாடகையில, நீங்க கட்டின வீட்டுவரியக் கழிச்சுக்கலாம். மீதியில நூத்துக்கு முப்பது, மராமத்து மாதிரி செலவுக்குன்னு சட்டமே கழிச்சுக் குடுத்துருது."

"அதுக்கு மேல செலவாயிருந்தா?"

"அப்பவும் முப்பதுதானுங்க."

"கம்மியாப் பண்ணியிருந்தா?"

"முப்பதுதான்."

அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணுமே பண்ணாம உட்டுருந்தா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அப்பவும் முப்பதுதானுங்க. பில்லும் கேக்க மாட்டாங்க."

சாமி சப்பரம் நம் வாசலில் வந்து நின்றால் எப்படிப் பூரித்துப்போவோமோ அப்படி ஆகிவிட்டது அவர் முகம். நானோ அந்தக் கணக்கு வருஷத்தில் நாங்கள் செய்த மராமத்து என்னென்ன என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒன்றாம் வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர். ஆறாம் வீட்டுக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். நாலாம் வீட்டுக் கூரை விரிசலுக்கு என் வீட்டுக்காரர் போட்ட ஒட்டு. அவ்வளவுதான்.

அந்த ஒட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆடிட்டரிடம் போவதற்கு முந்தைய கார்த்திகையில் நாலாம் வீட்டில் தண்ணீர் இறங்கியது. கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றேன். "சிமெண்டுக்கும் மணலுக்கும் எதுக்கு அடுத்தவன்?" என்று சொல்லிவிட்டு, பழைய கம்பெனிக்குப் போய் ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட் வாங்கி வந்தார். பனியன் வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் துணி. எங்கள் ஊரில் வண்டி துடைக்கவும், ஜன்னல் சந்து அடைக்கவும், சின்னப் பிள்ளைகளுக்குத் தலையணை தைக்கவும் அதுதான். அவர் அதை ஒரு சாண் அகலத்துக்கு நாடா நாடாக வெட்டி, சிமெண்டுப் பாலில் முக்கி, விரிசல் நெடுகப் படுக்க வைத்து, மேலே பூசினார். வெயிலில் முட்டி போட முடியாமல், ஸ்டூலில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து பூசினார்.

"இண்டர்லாக் பின்னல் துணி அம்மிணி. சுத்தமான காட்டன். அகலத்துல இழுத்துக் குடுக்கும். நாளைக்கு விரிசல் பெருசானாலும் துணியும் கூடவே விரிஞ்சு குடுக்குமில்ல?"

நாற்பது வருஷம் துணியோடு பழகியவர் சொல்லும்போது நான் என்ன சொல்ல முடியும். துணிக்கு விலையில்லை, மணல் வீட்டில் கிடந்தது, சிமெண்டு பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது.

ஆடிட்டர் ஆபீஸில் கடைசியாக என் போனுக்கு ஆறு எண்கள் வந்தன. அதைச் சொல்லுங்கள் என்றாள் அந்தப் பெண்.

"எதுக்கு கண்ணு?"

"இதுல இருக்கறதெல்லாம் உண்மைன்னு நீங்க உறுதி குடுக்கறீங்க. கையெழுத்து மாதிரிங்க."

"சத்தியம் மாதிரியா?"

"அப்படியே வெச்சுக்கங்கம்மா."

சத்தியம் என்றதும் எனக்கு எண்கள் வாயில் வரவில்லை. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டார். என் சத்தியத்தை அவர் வாயால் செய்தாகிவிட்டது.

அன்றிலிருந்து காலையில் விளக்கு ஏற்றும்போதெல்லாம் முப்பது முப்பது என்றே மனசு சொன்னது. மராமத்துக்கென்று ஒன்றை என் பெயரில் கழித்துக்கொண்டு, மராமத்து பண்ணாமல் இருக்கிறேனே. அவரிடம் சொன்னேன்.

"கவருமெண்டு நமக்கு முப்பதைத் தூக்கியா குடுத்துது? கேக்காம உட்டுது. அவ்வளவுதான்" என்றார்.

"மராமத்துக்குன்னு சொல்லித்தானுங்களே உட்டுது?"

"அந்தப் புள்ளையே சொல்லுச்சில்ல, பண்ணினாலும் பண்ணாட்டியும் ஒண்ணுதான்னு."

"அது கவருமெண்டுக்கு ஒண்ணுதானுங்க. நாலாம் ஊட்டுல இருக்கறவங்களுக்கு ஒண்ணா?"

"நாலாம் ஊட்டுக்குத்தான் ஒட்டுப் போட்டாச்சே! ரெண்டு வருசத்துல மாடி எடுக்கப்போறம். அதுக்குள்ள கூரைக்குச் செலவு பண்றவன் எவனாச்சும் இருப்பானா?"

பேச்சு அங்கேயே நின்றது. சட்டமும் அவர் பக்கம், மாடியும் அவர் பக்கம். எனக்கு என் விளக்கு மட்டும்.

புரட்டாசி பிறந்த வாரத்தில் நாலாம் வீட்டுப் பெண் என் வீட்டுப் படியேறி வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு பனியனைத் திருப்பிப் பார்த்தாளானால் ஒரு தையல் விட்டிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். வேதக்காரக் குடும்பம். பதினோரு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் கிறிஸ்துமஸ் கேக் எனக்கு, எங்கள் பொங்கல் கரும்பு அவர்களுக்கு. அன்றைக்கு வந்தவள் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அதிலேயே விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது.

"அக்கா, கோவிச்சுக்கிடக் கூடாது. மக தலப்பிரசவத்துக்கு வந்திருக்கால்லா. ஐப்பசியில பிள்ள பெத்துருவா. அடமழை நேரம். அந்த வீட்டுல தொட்டில் மாட்டுததுக்கு ஒரே ஒரு கொக்கிதான் இருக்கு. கொக்கிக்குப் பக்கத்துலதான் ஒழுகின கறை கெடக்கு."

"அதுக்குத்தான் ஒட்டுப் போட்டிருக்குதே."

"அண்ணாச்சி போட்டாக. இல்லன்னு சொல்லல. ஒட்டுப் போட்ட பொறவு ஒரு நல்ல மழை பெஞ்சுதா? பெய்யலல்லா? நிக்குமா நிக்காதான்னு யாருக்குத் தெரியும்? பச்சப் பிள்ள மூஞ்சில சொட்டுன பொறவா பாக்க முடியும்?"

அவளே தொடர்ந்தாள். "ரெண்டு தெரு தள்ளி ஒரு வீடு பாத்துருக்கோம். மாசக் கடைசிக்குள்ள சொல்லணும். வீடு மாற எனக்கு ஆசையா அக்கா? நிறைமாசக்காரிய வச்சிக்கிட்டு சட்டி பானைய தூக்கிட்டு அலையவா நான் ஆசைப்படுதேன்?"

கடைசியில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன். வாடகைக்கு வேறு ஆள் ஒரே நாளில் கிடைக்கும், வாசலில் வந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் நான் மராமத்து என்று சத்தியம் செய்து வைத்திருக்கும் வீட்டிலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சி மழைக்குப் பயந்து வெளியேறினால், அதற்கப்புறம் அம்மன் சந்நிதியில் எந்த முகத்தோடு நிற்பது?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ற ஒட்டு நிக்காதுன்னு யாரு சொன்னா? பதினோரு வருசமா இருக்கறவங்க ஒரு மழைக்கு இருந்து பாக்க மாட்டாங்களா?"

"பூ கேட்டுப் பாத்தர்லாமுங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று குழம்பினால் கோயிலில் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து, பூசாரி அம்மன் காலடியில் போடுவார். நாம் கேட்க வேண்டியதை மனசுக்குள் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பூசாரி கைக்கு வந்த பொட்டலத்தை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். பெண் கொடுக்கக் கேட்பார்கள், போர்வெல் போடக் கேட்பார்கள். வருமான வரிக் கழிவை முன்னிட்டுக் கேட்கப் போனவள் எனக்கு முன்னால் யாரும் இருந்திருக்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேரும் குளித்துவிட்டுப் போனோம். "என்ன காரியமுங்க?" என்றார் பூசாரி. "ஊட்டு மராமத்துங்க" என்றேன். மணி அடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, "தாயே, கொத்தனாரைக் கூப்புடலாமா? வெள்ளையக் குடு" என்று கேட்டேன். வாழ்க்கையில் அத்தனை உருகிக் கேட்டது மகள் பிரசவத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான்.

பிரித்தார். வெள்ளை. நந்தியாவட்டை, பனி மாதிரி இருந்தது.

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் வீட்டுக்காரரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறார். முகம் முழுக்கச் சிரிப்பு. அடடா, மனுஷர் மனசையும் அம்மன் மாற்றிவிட்டாளே என்று நினைத்தேன். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் விஷயம் தெரிந்தது.

"பாத்தியா அம்மிணி? நான்தான் சொன்னனில்ல" என்றார்.

"ஆமாங்க. இன்னைக்கே கொத்தனாருக்குப் போன் பண்ணுங்க."

"கொத்தனாரா? எதுக்கு? 'என்ற ஒட்டு நிக்குமா தாயே'ன்னு கேட்டேன். வெள்ளை வந்துருச்சு."

செருப்பை மறுபடியும் கழற்றிவிட்டு நேராகப் பூசாரியிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் தேங்காய் மூடியைத் தட்டில் வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு பூவுக்கு ரெண்டு கேள்வியா? இத்தன வருசத்துல யாரும் இப்புடிக் கேட்டதில்லீங்க."

"யாரு கேள்விக்குச் சாமி பதில் சொல்லுச்சுங்க?"

"அதை நான் எப்புடிங்க சொல்றது? நீங்க ஊட்டுலயே பேசி ஒத்த கேள்வியாக் கொண்டாந்திருக்கோணும்."

"இன்னொருக்காக் கேக்கலாமுங்களா?"

"ஒரே காரியத்துக்கு ரெண்டுவாட்டி கேட்டா அம்மன நம்பலைன்னு ஆகுமுங்க."

சாமி இரண்டு பேருக்கும் ஆமாம் சொல்லியிருக்கிறது. இரண்டும் எப்படி ஆமாமாக இருக்க முடியும் என்று யோசித்துக்கொண்டே வண்டியில் வந்தேன். வழியில் ஒரு தோட்டத்தில் வாய்க்கால் மடையைத் திருப்பிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பளிச்சென்றது.

"ஏனுங்க, உங்க ஒட்டு நிக்கும்னு அம்மனே சொல்லிட்டா. அப்பறம் என்ன பயம்? கூரை மேல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்திப் பாத்தர்லாமே. மழை வர்ற வரைக்கும் எதுக்குக் காத்துட்டு இருக்கோணும்?"

"தாராளமா" என்றார். சந்தோஷமாகவே சொன்னார். அவர் நம்பிக்கை அப்படி.

ஞாயிற்றுக்கிழமை நாலாம் வீட்டுக்காரர்கள் மாதா கோயில் பூசை முடிந்து வருவதற்குள் அவர் கூரையைச் சுற்றிக் களிமண் வரப்பு கட்டி முடித்திருந்தார். மழைத்தண்ணீர் போகும் குழாய் வாயை அடைத்தது எதை வைத்து என்று கேட்க வேண்டாம். கட்டிங் வேஸ்ட்தான். மோட்டாரைப் போட்டு ஹோஸைக் கூரைக்கு ஏற்றினோம். கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பிறகு எல்லோரும் நாலாம் வீட்டுக்குள் போய் அண்ணாந்து நின்றோம். நிறைமாதக்காரப் பெண்ணைக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். கம்பெனியில் அயர்னிங் வேலை பார்க்கும் அவள் அப்பா கையைக் கட்டிக்கொண்டு, கறையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு சொட்டு இல்லை.

என் வீட்டுக்காரர் தொட்டில் கொக்கிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "டீ இருக்குதுங்களா?" என்று கேட்டார். நாலாம் வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தாள். அவள் முகமும் தெளிந்திருந்தது. எனக்குத்தான் எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. ஒழுகினால் கொத்தனார் வருவார். ஒழுகாவிட்டால் இவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். அம்மன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்போது இரண்டாம் வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. அங்கே இருப்பவர்கள் பீகார் தம்பதி. அந்தப் பெண் வாசலில் நின்று கையை ஆட்டினாள். "மாஜி! தண்ணி! இங்க தண்ணி!"

ஓடிப் போய்ப் பார்த்தோம். இத்தனை வருஷத்தில் ஒரு துளி இறங்காத இரண்டாம் வீட்டில், சுவர் ஓரமாகச் சுத்தமாக ஒரு கோடு போட்டுத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"இங்க ஏனுங்க வருது? விரிசல் நாலாம் ஊட்டுலதானே?" என்றேன்.

அயர்னிங்காரர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அண்ணாச்சி, நீங்க போட்டது என்ன துணி?"

"காட்டனுங்க. இண்டர்லாக்."

"காட்டன் தண்ணிய உறிஞ்சுமுல்லா? ஒரு முனைய நனைச்சா மறுமுனைக்குப் போகுமுல்லா? உங்க நாடா எதுவரைக்கும் போகுது?"

நாடா மிச்சமாயிற்றே என்று இரண்டாம் வீட்டுக் கூரை வரைக்கும் இழுத்துப் பூசியவர் என் வீட்டுக்காரர்தான்.

"பாலியஸ்டர்ல போட்டிருக்கணும். அது குடிக்காது" என்றார் அயர்னிங்காரர்.

"பாலியஸ்டர்ல சிமெண்டு புடிக்காதுங்க!"

"அப்ப ரெண்டும் கலந்த துணி போட்டிருக்கலாம்."

ஒழுகுகிற கூரைக்குக் கீழே நின்றுகொண்டு இரண்டு பேரும் நூல் ரகத்தைப் பற்றி வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். ஆறாம் வீட்டிலிருந்து ஒருவர் வந்து, துணி நல்ல துணிதான், கனம்தான் பத்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊரில் கூரை ஒழுகினாலும் பேச்சு பனியனில்தான் போய் முடியும்.

வீட்டுக்காரர் ரோஷத்தோடு நாலாம் வீட்டுக்குத் திரும்பிப் போய்க் கொக்கிக்குக் கீழே மறுபடியும் உட்கார்ந்தார். ஆறிப்போன டீயைக் கையில் எடுத்தார். "ரெண்டாம் ஊடு வேற விசயம். நான் கேட்டது இந்த ஊட்டு ஒட்டு. இது நின்னுதா இல்லையா?" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை. குடித்துக் குடித்து வயிறு நிறைந்த துணி இனிமேல் முடியாது என்று விட்டுவிட்டது போல. கொக்கி ஓரத்திலிருந்து ஒரு சொட்டு நேராக டீ கிளாஸுக்குள் விழுந்தது. அடுத்தது அவர் மூக்கு மேல். மூன்றாவது விழுவதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

கட்டிலில் இருந்த பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், இங்கேயே பிரசவம் ஆகிவிடுமோ என்று நாங்கள் பயந்துபோனோம்.

"அண்ணாச்சி, தொட்டில் இருந்திருந்தா பிள்ள மூஞ்சி" என்றாள் நாலாம் வீட்டுக்காரி. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கொக்கியைப் பார்த்தார், பிறகு அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தார். "மாசக் கடைசிக்குள்ள கூரை முடிஞ்சுருமுங்க. வேற ஊடு பாக்க வேண்டாம்னு சொல்லிருங்க" என்றார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

கொத்தனார் வந்தார். பழைய ஒட்டைப் பெயர்த்தெடுக்கவே அரை நாள் ஆயிற்று. உளி பட்டுத் தெறித்ததே தவிர, வர மாட்டேன் என்றது. "யாருங்க போட்டது இது? தண்ணிய நிறுத்தலைன்னாலும் இரும்பாட்டம் நிக்குதே!" என்றார் அவர்.

வீட்டுக்காரருக்கு உயிர் வந்துவிட்டது. "கேட்டியா அம்மிணி? நான் அம்மன்கிட்ட என்ன கேட்டேன்? ஒட்டு நிக்குமான்னுதானே கேட்டேன்? நிக்குது! தண்ணி நிக்குமான்னு நான் கேக்கலையே!"

"உங்க சாமி வக்கீலுக்குப் படிச்சிருக்கும் போல அக்கா" என்றாள் நாலாம் வீட்டுக்காரி. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். கொத்தனார் வந்துவிட்டார், ஒட்டும் நின்றிருக்கிறது. தாய் இரண்டு பேரில் யாரையும் கைவிடவில்லை.

விரிசலை அகலமாக வெட்டி அடைத்து, தண்ணீர் இறங்காத மருந்து அடித்து, ஆறு வீட்டுக் கூரைக்கும் சரிவு எடுத்துத் தட்டு ஓடு பதித்தார்கள். மாடி எடுக்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் பாதி அதற்குப் போயிற்று. முப்பதுக்கு முப்பது சரியாக வந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் ஒவ்வொரு வருஷமும் பார்க்கச் சொல்லும் மனசு. வீட்டுக்காரர்தான் ஆடிட்டர் பெண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டார். கழித்துக்கொண்டது போன வருஷத்துக்காம், செலவு செய்தது இந்த வருஷத்திலாம், ஏப்ரலிலிருந்து வேறு வருஷமாம். "உன்ற கணக்கு சேராது போ" என்று கிண்டல் செய்தார். அம்மனுக்கு ஏப்ரலும் மார்ச்சும் தெரியாது, மழைக்கு முன்னால் முடிந்ததா என்று மட்டும்தான் அவள் பார்ப்பாள் என்றேன்.

ஐப்பசி இரண்டாம் வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாலாம் நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மழை பிடித்தது. எங்கள் ஊருக்கு அதிசயமான மழை. எதிரே இருக்கும் லைன் கண்ணுக்குத் தெரியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார். நான் குடையை எடுப்பதற்குள் அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு முற்றத்தைத் தாண்டிவிட்டார். முழங்கால் வலி எங்கே போயிற்றோ தெரியவில்லை.

நாலாம் வீட்டுத் தொட்டிலில் குழந்தை தூங்கவில்லை, கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் கொக்கியைப் பார்த்தோம். நாலாம் வீட்டுக்காரி ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தாள். நான் என் வாய்க்குள் தாயே தாயே என்றுகொண்டிருந்தேன். மேலே கல்லை வாரி இறைக்கிற மாதிரி சத்தம். வெள்ளை அடித்த கூரை வெள்ளையாகவே இருந்தது. வீட்டுக்காரர் சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை எங்களுக்குக் காட்டினார். சுண்ணாம்பு மட்டும் ஒட்டியிருந்தது.

"இனி உக்காருங்க அண்ணாச்சி" என்றாள் நாலாம் வீட்டுக்காரி. தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து என் மடியில் வைத்தாள். "ஏட்டி, பெரியாச்சிட்ட இரு. வீட்டுக்காரம்மா அவுகதான். குறை இருந்தா அவுகட்டச் சொல்லு."

கொஞ்ச நேரத்தில் என் மடி சூடாக நனைந்தது. புடவை, பாவாடை எல்லாம்.

"ஐயையோ, இங்க ஒழுகுதே!" என்றார் என் வீட்டுக்காரர்.

அவள் பதறிக்கொண்டு குழந்தையை வாங்க வந்தாள். இருக்கட்டும் என்றேன். மழை விடுகிற மாதிரி இல்லை. குழந்தை என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.